பதினான்காவது கைமரம்

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில், வியட்நாமியர் ஒருவர் நடத்தும் பேக்கரியின் மேல்மாடியில் மேரிறோஸின் அலுவலகம் இருந்தது. தீயோ தண்ணீரோ பட்ட வீடுகளைப் பார்த்து, சேதம் எப்படி வந்தது என்று சொல்வது அவர் தொழில். மன்னாரில் பிறந்து, மெல்பேணில் பிறருடைய எரிந்த குசினிகளையும் ஊறிய சுவர்களையும் பார்த்தே தலை நரைத்தவர். காப்புறுதி நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டபின் தனியாகவே செய்துவந்தார்.

தனியாக என்று சொல்வது முழு உண்மையல்ல. எதிர்க் கதிரையில் சேஷாத்ரி இருந்தார். பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சிட்னியில் கெல்லிவில்வாசி. மகளின் பிரசவத்துக்காக மெல்பேண் வந்த இடத்தில் மகள் வீட்டுக் குழாய் வெடித்தது. சேதம் பார்க்க வந்த மேரிறோஸின் பின்னாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். மறுநாள் காலை அலுவலகத்தின் கதவைத் தட்டினார். அதற்கடுத்த நாளும் தட்டினார். பேரன் பிறந்து தவழத் தொடங்கிவிட்டான். சேஷாத்ரி இன்னும் ஊர் திரும்பவில்லை. சம்பளமில்லாத உத்தியோகம் கிடைத்த ஒரே மனிதர் தன் கணவர்தான் என்று அவர் மனைவி தொலைபேசியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, தாரகா படியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். மீன் பதப்படுத்தும் இடத்து வேலைச் சீருடையை மாற்றாமலே வந்திருந்தாள். கதிரையின் நுனியில் இருந்தபடி, வந்த காரியத்தை நேராகச் சொன்னாள்.

"நாளைக்குப் பின்னேரம் இவர் பொலிசில போய் எழுதிக் குடுக்கப் போறார், அக்கா. வீட்டைத் தான்தான் கொளுத்தினது எண்டு."

"கொளுத்தினவரோ?"

"இல்லை."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. அது சேஷாத்ரிக்குப் பிடித்திருந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் சொன்னது இது. அவளுடைய கணவன் ஜசிந்தன் பல வருடங்களுக்கு முன் படகில் வந்தவன். இன்னமும் தற்காலிக விசாவில் இருக்கிறான். நிரந்தர விசாவுக்கான விண்ணப்பம் இப்போதுதான் ஒருவழியாக நகரத் தொடங்கியிருந்தது. இருவரும் 'த பேசின்' என்ற ஊரில், மலையடிவாரத்தில், டொக்டர் விஜயரத்தினத்தின் பழைய பண்ணைவீட்டின் பின்புறக் குடிலில் குடியிருந்தார்கள். புல் வெட்டுவது, வேலி பார்ப்பது, வார இறுதியில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும்போது கதிரை அடுக்குவது எல்லாம் ஜசிந்தன்தான். வீடு இங்கிலாந்திலிருந்து வந்த வீடு. நாணல் வேய்ந்த கூரை.

பொங்கலன்று வடக்கிலிருந்து அனல்காற்று. மாநிலம் முழுவதும் வெளியில் தீ மூட்டத் தடை. தடைச் செய்தி முதல் நாளே கைபேசிக்கு வந்துவிட்டதால், மின்னடுப்பை நீட்டு வயரில் கொண்டுவந்து பின்படியில் வைத்து, சூரியனைப் பார்க்கப் பொங்கினார்கள். பால் கிழக்கே வழிந்தது. சாப்பிட்டுக் கைகழுவும்போது புகை மணத்தது. பெரிய வீட்டின் கூரையில், புகைக்கூண்டுக்குப் பக்கத்தில், நாணலுக்குள்ளிருந்து புகை. ஜசிந்தன்தான் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டான். அவர்கள் விரைந்து வந்ததால் ஒரு கார் அளவு ஓட்டையோடு வீடு தப்பியது.

டொக்டரின் மகன் யதுஷன் வந்து சேர்ந்தான். காப்புறுதிக்காரர் அனுப்பிய ஆளிடம், ஜசிந்தன் வீட்டுக்குள்ளே பழைய கணப்பில் விறகு மூட்டிப் பொங்கியதாகச் சொன்னான். அந்த ஆள் மேலே ஏறிப் பார்த்தார். கூரை மரங்கள் கரேலென்று இருந்தன. புகைக்கூண்டில் ஒரு வெடிப்பும் இருந்தது. வெடிப்பின் வழியே புகையும் பொறியும் கூரைக்குள் போயிருக்கின்றன என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

"பிறகு யதுஷன் தம்பி இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைச்சவர். தெரியாமல் மூட்டிப்போட்டன், தடை எண்டு விளங்கேல்லை எண்டு சொல்லட்டாம். லோயர் வைக்கிறாராம். ஒண்டும் நடக்காதாம்." அவள் கைகளைப் பார்த்தாள். "நடக்கும் அக்கா. தடை நாளில நெருப்பு மூட்டினது குற்றம். அது இவற்ற விசா ஃபைலோட போய் நிக்கும். இவருக்கும் அது தெரியும். ஆனா டொக்டர் ஐயா எங்களுக்கு இடம் தந்தவர். அவற்ற மகனைப் பொய்யன் எண்டு எந்த வாயால சொல்லுறது எண்டு இவர் கேக்கிறார்."

மேரிறோஸ் நாட்குறிப்பை எடுத்துக் குறித்துக்கொண்டார். "நாளைக்குக் காலமை நாங்கள் வாறம். பின்னேரம் வரைக்கும் அவரை ஒரு கடதாசியிலயும் கை வைக்க விடாதேங்கோ."

அன்று மாலையே அவர் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தார். ஜசிந்தனுக்காகத்தான் வருகிறேன் என்பதை மறைக்கவில்லை. டொக்டர், அந்தப் பிள்ளை செய்யவில்லை என்று நிரூபித்தால் தன்னைவிட மகிழ்பவர் இருக்கமாட்டார்கள், ஆனால் மரம் கரியாக இருக்கிறதே என்றார்.

*

மறுநாள் வெக்கை போய் மழை தூறிக்கொண்டிருந்தது. மெல்பேணில் அப்படித்தான், நேற்று உலை, இன்று கம்பளி. யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையில் வண்டி திரும்பியதும் வீடு தெரிந்தது. சேஷாத்ரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

அது வீடாகத் தெரியவில்லை; பெரிய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு குந்தியிருக்கும் கிழவனாகத் தெரிந்தது. சுவரைவிடக் கூரை உயரம். செங்குத்தாக இறங்கிய நாணல் ஏறக்குறைய ஒரு முழத் தடிப்பில், ஓரம் கத்தரித்துவிட்டதுபோல் நின்றது. அதன் கீழே ஓக் எனும் கருவாலி மரச்சட்டங்கள். சட்டங்களுக்கு நடுவே வெள்ளையடித்த மண்சுவர். மேல்மாடி ஜன்னல்கள் சிறிய கண்கள்போல் நாணலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தன. புகைக்கூண்டின் பக்கத்தில் மட்டும் நீலத் தார்ப்பாய் ஒரு காயக்கட்டுப்போல் போர்த்தியிருந்தது.

வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த சேஷாத்ரியின் பிடரியில் கூரை விளிம்பிலிருந்து குளிர்ந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து முதுகுக்குள் ஓடியது. அவர் துள்ளி உள்ளே வந்தார். வீட்டைச் சுற்றிலும், சொட்டு விழும் கோட்டில், கூழாங்கல் நிரப்பிய ஒரு வாய்க்கால் ஓடியது. அதற்கு உட்புறம் சுவரோரத் தரை காய்ந்தே கிடந்தது.

"குடை இருக்கு அண்ணை," என்றார் மேரிறோஸ்.

"விரிக்கிறதுக்குள்ள நனைச்சுடுச்சே மேடம்."

டொக்டர் விஜயரத்தினம் கதவைத் திறந்தார். எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த முதுகு. சிட்னியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வீடு எரிந்த செய்தி கிடைத்து ஓடிவந்தவர். வருத்தத்தில் இருந்தாலும், வீட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் குரலில் உயிர் வந்தது.

இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்தில் ஐந்நூறு வருடங்களுக்கு முன் கட்டிய வீடு அது. எண்பது தொண்ணூறு வருடங்களுக்கு முன்பு கம்பளி வியாபாரி ஒருவர் அதை மரம் மரமாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். மண்ணும் நாணலும் இங்கே புதிதாக வைத்தவை. மரம் மட்டும் பழையது. இரும்பாணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மர ஆணி. தூணில் உளியால் கீறிய கோடுகளை டொக்டர் விரலால் தடவிக் காட்டினார்: குறுக்கும் நெடுக்குமான ரோமன் எண்கள்.

"கப்பல்ல ஏத்தப் போட்ட நம்பரா சார்?" என்று சேஷாத்ரி கேட்டார்.

அதற்கும் முந்தியது என்றார் டொக்டர். முதல் தச்சர்கள் சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் கீறி, பிரித்து, இடத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கி நிறுத்துவார்கள். பல நூற்றாண்டுக்குப் பிறகு கழற்றியவர்களுக்கும் அதே எண்கள்தான் வழிகாட்டி. மாடியில் நடைபாதை கிடையாது, ஒரு அறைக்குள்ளால்தான் அடுத்த அறை, ஆரம்பத்தில் மாடியே கிடையாது, கூரைவரை திறந்த ஒரே கூடம், நடுத்தரையில்தான் நெருப்பு, இந்தப் புகைக்கூண்டு பிறகு யாரோ செருகியது, செங்கல்லைப் பாருங்கள், நிறமே வேறு. அவர் பேசிக்கொண்டே போனார். தாழ்ந்த நிலைப்படியில் சேஷாத்ரி நெற்றியை இடித்துக்கொண்டார். டொக்டர் பழக்கமாக, ஐந்நூறு வருடமாக எல்லோரும் இடிக்கும் இடம் அது என்றார்.

மாடி அறையில் கரிமணம் இன்னும் இருந்தது. அங்கே வெள்ளைப் பூச்சுக் கூரைத்தட்டு ஒன்று இருந்ததாம். வீட்டை நிறுத்திய காலத்திலேயே அடித்தது. தீயைத் தேடிய படையினர் அதைக் கொக்கியால் இழுத்து விழுத்தியிருந்தார்கள். அதனால்தான் மேலே இருந்த மரங்கள் இப்போது முதன்முறையாக வெளியே தெரிந்தன. முகட்டை நோக்கிச் சரிந்து ஏறிய கைமரங்கள் ஒவ்வொன்றும் தார் பூசியதுபோல் கறுத்திருந்தன. டொக்டர் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே தேநீர் வைப்பதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

மேரிறோஸ் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒரு கைமரத்தை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். மடித்து வைத்துக்கொண்டார். சேஷாத்ரி அதற்குள் அறையின் மறுகோடியிலிருந்து டார்ச்சோடு எண்களைப் படித்துக்கொண்டு வந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

"இங்க பாருங்க மேடம், பதினாலாம் நம்பர் தலைகீழா இருக்கு. மாட்டினவன் மத்தியானத்துல ரெண்டு பீர் போட்டுட்டு வந்திருப்பான்."

அவர் சொன்னது சரி. அந்தக் கைமரத்தில் மட்டும் கோடுகள் கவிழ்ந்து நின்றன. அறையைப் பார்த்த அதன் கீழ்முகம் மற்றவற்றைப் போலக் கறுப்பாக இல்லாமல் தேன்நிறமாக இருந்தது. தீப்பட்ட ஓட்டை அதன் மேலேதான் தொடங்கியது. மேரிறோஸ் ஏணிப்படியில் ஏறி, தார்ப்பாயை விலக்கி, கையை ஓட்டைக்குள் விட்டு அந்த மரத்தின் மேல்முகத்தைத் தடவினார். கைபேசியால் சில படங்கள் எடுத்தார். இறங்கும்போது அவர் முகத்தில் திருப்தி இருந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் தேநீர் ஆறிவிடும் என்பதே பதிலாக வந்தது.

பின்படிக்குப் போனார்கள். இறவாரம் அவ்வளவு நீண்டிருந்ததால் அங்கே மழை படவில்லை. கல்லில் பால் வழிந்து காய்ந்த கறை, வட்டம் வட்டமாக. பக்கத்தில் சிறிய மின்னடுப்பு. அதன் சுருளிலும் பால் கருகியிருந்தது. ஜசிந்தன் அங்கே நின்றான். ஒல்லியான, குரல் தாழ்ந்த மனிதன். மேரிறோஸ் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னான். கணப்பில் நெருப்பு மூட்டினாயா என்று கேட்டபோது மட்டும் நிலத்தைப் பார்த்தான்.

"நான் மூட்டினதெண்டு சொன்னா எல்லாருக்கும் சுகம்," என்றான்.

"சுகத்தைக் கேக்கேல்லை. மூட்டினதைக் கேக்கிறன்."

"இல்லை அக்கா."

அங்கிருந்து வீட்டைச் சுற்றிப் புகைக்கூண்டுப் பக்கம் வந்தார்கள். ஓட்டைக்கு நேர்கீழே, கூரைவிளிம்பைத் தொட்டபடி ஒரு மாடி ஜன்னல். அதன் சட்டத்தில் ஒரு பாதி பழைய பச்சை வண்ணத்தோடு இருந்தது; மறுபாதி வெறும் மரம். தீயின் சூட்டில் உரிந்திருக்கும் என்றார் சேஷாத்ரி. மேரிறோஸ் கூழாங்கற்களுக்கிடையில் குனிந்து எதையோ பொறுக்கினார். பச்சை வண்ணச் சீவல். மரவள்ளியைச் சீவியதுபோல் நீளமாகச் சுருண்டிருந்தது. அதைப் போல இன்னும் பல கிடந்தன. கற்களுக்கு அப்பால் ஈரமண்ணில் ஏணியின் இரு கால்கள் பதிந்த குழிகள்.

அப்போதுதான் யதுஷன் வந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. கல்யாண முன்பதிவுகளைக் கவனிப்பவன். அன்ரி என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். நடந்தது பெரிய துக்கம், ஜசிந்தன் அண்ணை நல்ல மனிசன், தெரியாமல் செய்துவிட்டார், தான் கடைசிவரை அவரோடு நிற்கப்போவதாகச் சொன்னான்.

மேரிறோஸ் குழிகளைக் காட்டி, தீயணைப்புப் படையின் ஏணியோ என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இல்லை அன்ரி, அது என்ர. முதல் நாள் பின்னேரம் வந்தனான். ஃபயர் சீசன் எல்லே, கவுன்சில்ல இருந்து மெசேஜ் மேல மெசேஜ். ஏறி, கூரைத் தண்ணி ஓடுற கட்டர்ல கிடந்த இலையெல்லாம் அள்ளிப்போட்டுப் போனனான்."

சேஷாத்ரிக்கு அவன்மேல் அனுதாபம் பிறந்தது. கெல்லிவில்லில் அவரும் வருடா வருடம் நவம்பரில் அதே வேலையைச் செய்பவர்தான். "கரெக்ட் தம்பி. யூக்கலிப்டஸ் இலை ஒரு வாரம் கிடந்தா போதும், வத்திப்பெட்டிதான்."

"நல்ல காரியம்," என்றார் மேரிறோஸ். "தேத்தண்ணி ஆறப்போகுது. எல்லாரும் உள்ள வாங்கோ, கதைப்பம்."

*

கணப்பின் முன்னால் கதிரைகள் போட்டிருந்தன. அந்தக் கணப்புக்குள் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம். டொக்டர் ஒரு பக்கம், பக்கத்தில் மகன். ஜசிந்தன் உட்காராமல் கதவருகே நின்றான். தாரகா அவன் கையைப் பிடித்து இழுத்து ஒரு கதிரையில் இருத்தினாள்.

"டொக்டர், நீங்கள்தான் வழியைக் காட்டினனீங்கள்," என்று மேரிறோஸ் தொடங்கினார். "முதல்ல இந்த வீட்டுக்குப் புகைக்கூண்டு இல்லை, நடுத்தரையில நெருப்பு எண்டு சொன்னனீங்கள். அப்ப புகை எங்கால போனது?"

"மேல. நாணலுக்குள்ளால ஊறிப் போகும்."

"எத்தினை காலம்?"

"நூறு வருசமாவது இருக்கும்," என்றார் டொக்டர். அவர் கண்கள் மேலே போயின.

மேரிறோஸ் கைக்குட்டையை மேசையில் விரித்தார். வெள்ளையாகவே இருந்தது. "போன கிழமைப் புகைக்கரி எண்டா தொட்ட விரல் கறுக்கும். இது தேய்ச்சும் வரேல்லை. கல்லுப்போல இறுகியிருக்கு."

யதுஷன் சிரித்தான். "அன்ரி, தீயணைப்புக்காரர் தண்ணி அடிச்சு ஊத்தினவங்கள். கரி கழுவுப்பட்டுப் போயிருக்கும்."

"நியாயமான கேள்வி," என்றார் அவர். குரலில் கேலி இல்லை. "அதுக்குத்தான் சேஷாத்ரி அண்ணை ஒரு சாட்சியைக் கண்டுபிடிச்சவர்."

சேஷாத்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் என்ன கண்டுபிடித்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்தவர்போல் தலையாட்டினார்.

"பதினாலாம் கைமரம். இங்க கொண்டுவந்து நிப்பாட்டினவங்கள் அதைக் கவிழ்த்து மாட்டிப்போட்டாங்கள். எண் தலைகீழா இருக்கு. மற்றக் கைமரங்கள் எல்லாத்திலயும் அறையைப் பார்த்த முகம் கறுப்பு. இதில மட்டும் அறையைப் பார்த்த முகம் வெளுப்பு. கறுப்பு எங்க தெரியுமோ? மேல, நாணலோட ஒட்டின முகத்தில, தீ எட்டாத இடத்திலயும் அதே இறுகின கறுப்பு." அவர் கைபேசிப் படத்தை டொக்டரிடம் நீட்டினார். "பொங்கலண்டு கூரைக்குள்ள புகை அடைச்சு நிண்டது எண்டா, அது கீழ இருந்து வந்த புகை. பன்னிரண்டையும் பதின்மூண்டையும் கறுக்கவைச்சுப் பதினாலை மட்டும் விட்டுட்டுப் போயிருக்காது. அந்த மரம் கறுத்தது சஃபோக்கில. கறுத்த பிறகுதான் கப்பலேறினது."

டொக்டர் கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, கரியை மட்டும் பார்த்து ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கிவிட்டேனே என்று மெதுவாகச் சொன்னார். கணப்பில் நெருப்பு எரிந்தது என்பதற்கு வேறு சாட்சியே இல்லை, பின்படியில் பால் வழிந்த கறைதான் இருக்கிறது என்பதையும் மேரிறோஸ் எடுத்துச் சொன்னார்.

"அப்ப கூரை தானா பத்தினதோ?" என்றான் யதுஷன். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

"இல்லை. வெளியில வாங்கோ."

மழை சற்றுக் கனத்திருந்தது. எல்லோரும் புகைக்கூண்டுப் பக்கம் சுவரோரமாக, இறவாரத்தின் கீழே வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில், கூரைவிளிம்பு முழுவதிலிருந்தும் நீர் மணித்திரைபோல் கூழாங்கல் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, முதல் நாள் நீங்கள் கட்டர் துப்பரவாக்கின இடத்தை ஒருக்கா அப்பாவுக்குக் காட்டுங்கோ."

யதுஷன் அண்ணாந்து பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். கத்தரித்த நாணல் விளிம்பு. அதிலிருந்து சொட்டும் நீர். வேறொன்றும் இல்லை. சேஷாத்ரிக்குக் காலையில் முதுகில் ஓடிய குளிர் மறுபடியும் ஓடியது.

டொக்டர்தான் பேசினார். "இந்த வீட்டில கட்டர், பீலி எங்கயடா இருக்கு?"

யதுஷன் ஏணிக்குழிகளைப் பார்த்தான்.

"நாணல் கூரைக்குப் பீலி வைக்கிறேல்லை," என்றார் மேரிறோஸ். "இவ்வளவு தடிப்பான விளிம்பில அதைக் கொழுவ இடமும் இல்லை. அதுக்காகத்தான் கூரையைச் செங்குத்தா இறக்கி, இறவாரத்தை நீட்டி, கீழ கல்லுப் போட்டிருக்கு. இந்த நாட்டில வீடு வைச்சிருக்கிற ஆரைக் கேட்டாலும், வெயில் காலத்தில ஏணி வைச்சது ஏன் எண்டா, யோசிக்காமல் இதைத்தான் சொல்லுவினம். தம்பியும் யோசிக்கேல்லை. அப்ப ஏணி என்னத்துக்கு?" உள்ளங்கையில் இருந்த பச்சைச் சீவலைக் காட்டினார். "கூரைத் தீயில பெயின்ற் உரிஞ்சா கொப்புளிச்சு, கருகி, அங்கேயே ஒட்டிக்கொண்டு நிக்கும். இப்படி நீளமாச் சுருண்டு விழாது. இது சூடாக்கி, இளக வைச்சு, தகட்டால வழிச்சது. ஹீட் கன். தலைமயிர் காயவைக்கிற சாமான்போல இருக்கும். ஆனா நாணலைப் பத்தவைக்கப் போதும். பாதி ஜன்னல் வழிச்சிருக்கு, பாதி அப்படியே நிக்குது. ஏன் இடையில விட்டனீங்கள்?"

யதுஷன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். முப்பத்தைந்து வயது அவன் முகத்திலிருந்து இறங்கிப் போயிருந்தது.

"மாசி மாதம் ஒரு கல்யாண புக்கிங். கல்யாணப் பொம்பிளை ஜன்னலெல்லாம் வெள்ளையா வேணும் எண்டு கேட்டவள்," என்றான். "நாணல் ஒரு இடத்தில கொஞ்சம் கறுத்தது அப்பா. உடன நிப்பாட்டினனான். போத்தல் தண்ணியை எடுத்து ஊத்தினனான். அணைஞ்சிட்டுது எண்டுதான் நினைச்சன்."

"தண்ணி உள்ள போயிராது," என்றார் மேரிறோஸ், இப்போது சற்றுத் தணிவாக. "நாணலுக்கு வேலையே தண்ணியை உள்ள விடாமல் வழுக்கிவிடுறதுதான். மேலால ஓடியிருக்கும். உள்ள போன பொறி உமிக்குள்ள தீ மாதிரி இரா முழுக்கக் கிடந்து ஊர்ந்து, அடுத்த நாள் வடக்குக் காத்து அடிக்க வெளிய வந்திருக்கு. ஜசிந்தன் மின்னடுப்பில பால் பொங்கேக்க அது ஏற்கெனவே எரிஞ்சுகொண்டிருந்தது."

ஏன் மறைத்தான் என்பதை அவனே சொன்னான். கூரைக்குக் கிட்டச் சூட்டுக் கருவி எதையும் பாவித்தால் காப்புறுதி செல்லாது என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. அதை வீட்டில் எல்லோருக்கும் அடிக்கடி சொன்னவர் அப்பா. வேலையாளின் கவனக்குறைவு என்றால் நிறுவனம் தரும் என்று நினைத்தான். ஜசிந்தனுக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும் என்றும் நினைத்தான். இந்த இரண்டாவது நினைப்பைச் சொல்லும்போது யாருடைய முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

தாரகா பேசினாள். "தம்பி, நீங்கள் இங்க பிறந்தனீங்கள். உங்களுக்கு எச்சரிக்கை. எங்களுக்கு அது திருப்பி அனுப்புற கப்பல்."

ஜசிந்தன் மனைவியின் தோளைத் தொட்டான். பிறகு யதுஷனைப் பார்த்தான். கோபம் வரும் என்று சேஷாத்ரி காத்திருந்தார். வரவில்லை. "ஏணி பிடிக்க என்னைக் கூப்பிட்டிருக்கலாம்," என்றான். "நான் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன்."

டொக்டர் விஜயரத்தினம் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார். மறுமுனையில் காப்புறுதி நிறுவனத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவர் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லிவிட்டு, தீக்குக் காரணம் தன் மகன் என்றும், பணியாளர்மீது சொன்ன அனைத்தையும் திரும்பப் பெறுவதாகவும், இழப்பீட்டுக் கோரிக்கையையும் கைவிடுவதாகவும் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். மகனின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் அங்கேயே நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

தொலைபேசியை வைத்தபின், கூரையை மறுபடி வேய எவ்வளவு காலம் எடுக்கும் என்று அவர் சேஷாத்ரியிடம் கேட்டார். சேஷாத்ரி தன் வாழ்நாளில் பாலங்களைத்தான் கட்டியவர். தெரியாது என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்லி மேரிறோஸ் கேட்டது அதுதான் முதல் தடவை.

*

பின்னேரம் பொலிஸ் நிலையத்துக்கு ஜசிந்தன் போகத்தான் செய்தான். முன்னால் டொக்டரின் கார். அதில் அப்பாவும் மகனும். பின்னால் மேரிறோஸின் வண்டி.

"அந்த கட்டர் விஷயம் எனக்கு ஏன் படலை மேடம்?" என்று சேஷாத்ரி வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். "தண்ணி என் முதுகிலதானே விழுந்துச்சு."

"உங்கட முதுகு கண்டுபிடிச்சிட்டுது அண்ணை. நீங்கள்தான் அதைக் கேக்கேல்லை."

நிலையத்தில் யதுஷனைத் தனியறைக்கு அழைத்துப் போனார்கள். ஜசிந்தனின் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். தாரகா அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். பொங்கலன்று காலை நீங்கள் என்ன செய்தீர்கள், உங்கள் வார்த்தைகளிலேயே சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்டாள்.

மூன்று நாட்களாக அவன் வேறொரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அதைத் தேடுவதுபோல் மேசையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"பொங்கினனாங்கள்," என்று முதலில் தமிழிலேயே வந்துவிட்டது. தாரகா சிரித்தாள். அவன் மறுபடி, ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னான்: நாங்கள் பால் காய்ச்சினோம். மின்னடுப்பில். அது பொங்கி வழிந்தது.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.